மஞ்சள் விளக்கு எரிந்தால் வருகிறவள்

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் பாஞ்சாலி வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் "ரிலீவர்" என்பாள். கேட்டவர் விழிப்பார். அந்த முழியைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "மத்தவங்க ஒன்னுக்குப் போனா அவங்க எடத்துல நிக்கிறது" என்று விளக்கம் கொடுப்பாள். கேட்டவர் சிரித்துவிட்டாரோ, அத்தோடு அவருடன் பேச்சு முடிந்தது.

சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு காருக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டால் ஒரு ஆளால் தூக்க முடியாது. அதை முழுசாகக் கட்டி முடிக்க ஒரு லைன் பெண்கள் வேண்டும். பெரிய பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொருத்தியும் தன் ஸ்டேஷனில் நின்று தன் பங்கு ஒயரைப் பலகையில் போட்டு, கிளிப்பில் மாட்டி, டேப் சுற்றி விட வேண்டும். பலகை யாருக்காகவும் நிற்காது. தும்மல் வந்தாலும் தும்மிக்கொண்டே சுற்ற வேண்டியதுதான். ஆனால் தும்மலைத் தவிர வேறு சிலவும் மனுஷ உடம்புக்கு வரும் இல்லையா, அதற்குத்தான் தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பச்சைத் தொப்பி போட்ட பாஞ்சாலி வந்து அந்த இடத்தில் நிற்பாள், அதுவரை அங்கே நின்றவள் போய் வருவாள். பக்கத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதை அழுத்தினால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் மாடியில் இருக்கும் சார்கள் எல்லாம் கீழே இறங்கி வருவார்கள். அதனால் அதை யாரும் தொடுவதில்லை, துடைக்கும்போதுகூடப் பயந்து பயந்துதான் துடைப்பார்கள்.

பாஞ்சாலிக்கு அந்தப் பச்சைத் தொப்பி என்றால் உயிர். அவ்வளவு பெரிய ஹாலில் மற்றவர்கள் எல்லாம் நட்டுவைத்த மாதிரி ஒரே இடத்தில் நிற்க, நடக்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான். முதல் ஸ்டேஷனில் காதில் விழுந்த சேதி கடைசி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது கையும் காலும் முளைத்திருக்கும் என்றால் அதற்கும் அவள்தான் காரணம். எல்லா ஸ்டேஷன் வேலையும் அவளுக்கு அத்துப்படி, எல்லோருடைய உடம்பும் அத்துப்படி. குன்றத்தூரிலிருந்து வரும் லூர்தம்மாளுக்கு டீ உள்ளே போன கையோடு விளக்கு எரியும். பக்கத்து ஸ்டேஷன் சுபஸ்ரீ அபூர்வமாகத்தான் போவாள், ஆனால் பாஞ்சாலி வந்து நிற்கும்போதெல்லாம் அந்தத் தொப்பியை ஒரு பார்வை பார்ப்பாள். வயதில் சின்னவள், கை வேகம் அதிகம், எல்லா ஸ்டேஷன் வேலையையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்று வைத்திருந்தாள். அந்தப் பார்வை பாஞ்சாலிக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, பாஞ்சாலி போக வேண்டும் என்றால் அவள் இடத்தில் யார் நிற்பது? இந்தக் கேள்வி கம்பெனிக்கும் தோன்றவில்லை, லைன் லீடர் வசந்தகுமாருக்கும் தோன்றவில்லை. பாஞ்சாலிக்குத் தோன்றியது, அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, ஷிப்ட் முடியும் வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது. "நான் என் ஒடம்ப பழக்கி வெச்சிகீறேன்" என்று பெருமையாகச் சொல்வாள். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டும், உதடு வெடிக்கும், அவள் மட்டும் பொத்தானைத் தேடாமல் லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். உடம்பு தன் பேச்சைக் கேட்கிறது என்று முழுசாக நம்பினாள் பாவம்.

உடம்பு பதில் சொல்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. வல்லக்கோட்டை முருகன் கோயில் வரிசையில் நின்றிருந்தவளுக்கு இடது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியைச் சொருகித் திருகினாற்போல் ஒரு வலி. "ஆ" என்று அலறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தாள். பின்னால் நின்ற பெண்மணி, சாமி வந்துவிட்டது என்று, சட்டென்று அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். யாரோ வேப்பிலை கொடுத்தார்கள். யாரோ நெற்றி நிறைய விபூதி அப்பினார்கள். அவள் புருஷன் கோதண்டராமன், கம்பெனி வேன் ஓட்டுகிறவன், பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் சாமிக்கும் வலிக்கும் வித்தியாசம் தெரியாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் காலில் விழுந்து, தனக்கு நைட் ட்ரிப் எப்போது மாறும் என்று குறி கேட்டான்.

"யோவ்," என்றாள் பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆட்டோவ கூப்டுயா."

டிஸ்பென்சரியில் டாக்டர் பிரவீனா படம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தில் கல் என்றார். சின்னக் கல்தான், தண்ணீர் குடித்தாலே வெளியே வந்துவிடும். எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, டூட்டியில் குடிக்க மாட்டேன், தாகம் எடுத்தால் பொறுத்துக்கொள்வேன் என்று பாஞ்சாலி ஏதோ மெடல் வாங்கினவள் மாதிரி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கோபக்காரர் இல்லை அந்த டாக்டர். நிதானமாகச் சொன்னார். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் உடம்புக்குள் சூடு ஒரே அளவில்தான் இருந்தாக வேண்டும். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் அப்படித்தான், துளி கூடினாலும் குறைந்தாலும் உடம்பு சும்மா இருக்காது. சூடு ஏறினால் தோல் வியர்வையை விட்டு ஆற்றும். அப்படிப் போன தண்ணீரால் ரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்தால், மூளை உடனே சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்பும், இருக்கிற தண்ணீரை விடாதே என்று. சிறுநீரகமும் பிழிந்து பிழிந்து தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கழிவை மட்டும் கொஞ்சூண்டு மஞ்சளாக வெளியே அனுப்பும். நீங்கள் பழக்கினது எதுவும் இல்லை, அதுவாகச் சமாளித்திருக்கிறது. எத்தனை நாள்தான் சமாளிக்கும்? கெட்டியான இடத்தில் உப்பு படிந்து கல்லாகிவிட்டது, அவ்வளவுதான்.

பாஞ்சாலி யோசித்தாள். விஷயம் அவளுக்குத் தன் வழியில் புரிந்தது.

"அப்போ உள்ளவும் ஒரு ரிலீவர் கீறா. வேர்வையில தண்ணி போச்சின்னா, கொறஞ்சத அவ நின்னு ஈடு கட்றா."

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த முறை பாஞ்சாலி கோபித்துக்கொள்ளவில்லை.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா," என்றார் டாக்டர். "ஆனா அவளுக்கு நீங்க ஒரு நாள் கூட ஓய்வு குடுக்கல."

நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அங்கேதான் பாஞ்சாலிக்குச் சிக்கல். குடித்தால் போக வேண்டும். போனால் யார் நிற்பது? ரிலீவருக்கே ஒரு ரிலீவர் வேண்டும் என்று வசந்தகுமாருக்குத் தெரிந்தால், தொப்பி மறுநாளே சுபஸ்ரீ தலைக்கு ஏறிவிடும். அப்புறம் பாஞ்சாலி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்ற இடத்தில் நின்று, பேசக்கூட ஆளில்லாமல், அறுபது வயது வரை டேப் சுற்ற வேண்டியதுதான். அதற்கு அந்தக் கல்லே தேவலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வலி ஞாபகம் வந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டாள்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு தந்திரம் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளுக்குண்டான தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிடுவது, அதை வைத்துக்கொண்டு மறுநாள் ஷிப்டை ஓட்டுவது. குடித்தாள். வயிறு குடமாகியது. சாதம் வடிப்பதற்குள் அத்தனையும் வெளியே போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வழக்கம்போல நாக்கு வறண்டது. டாக்டரிடம் போய்க் கேட்டால், உடம்பு என்ன உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா, தேவைக்கு மேலே வருவதை அது சேர்த்து வைக்காது, உடனே தள்ளிவிடும் என்றார். குறைத்தால் பிடித்துக்கொள்கிறது, கூட்டினால் தள்ளிவிடுகிறது, நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை. தன் உடம்புக்குள்ளேயே தனக்கு மரியாதை இல்லை என்பது பாஞ்சாலிக்கு மனக்கஷ்டமாகத்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் பாட்டிலைக் கம்பெனிக்கே கொண்டுவந்தாள். தூணுக்குப் பின்னால் நின்று, திருட்டுத்தனமாக, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு மடக்கு. ஆச்சரியமாக, ஒன்றும் ஆகவில்லை. அந்த வெயிலில் குடித்ததில் பாதி முதுகு வழியாகவே போய்விட்டது. மீதிக்கு டீ இடைவேளையும் சாப்பாட்டு இடைவேளையும் போதுமானதாக இருந்தன. கல்லும் கரைகிறது, தொப்பியும் தலையில் இருக்கிறது என்று அவள் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் ஆடிட் வந்தது.

கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து லைனைப் பார்ப்பார்களாம். தரையில் மஞ்சள் கோடு புதுசாகப் போட்டார்கள். லைனுக்குப் பக்கத்தில் இருக்கும் டாய்லெட்டைத் தேய்த்துக் கழுவி, புது சோப்பு, புது டவல், ஒரு பூந்தொட்டி எல்லாம் வைத்து, அழுக்காகிவிடக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். காவலுக்கு சுடலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செக்யூரிட்டி, சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன். லைனில் இருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் சரக்கு வெளியே போகிற டெஸ்பாட்ச் கேட் பக்கம் இருக்கும் டாய்லெட்டுக்குப் போக வேண்டும் என்று வசந்தகுமார் மைக்கில் அறிவித்தான். போய் வருவதற்குள் காலையில் பின்னின சடை அவிழ்ந்துவிடும், அவ்வளவு தூரம்.

இன்னொன்றும் செய்தார்கள். கூரையோரம் இத்தனை வருஷமாக அலங்காரத்துக்கு நின்றிருந்த குளிர் மெஷின்களை எல்லாம் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். ஹால் ஜில்லென்று ஆகிவிட்டது. பெண்கள் எல்லாம் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊட்டிக்கு வந்த மாதிரி சிரித்தார்கள். பாஞ்சாலியும் சிரித்துக்கொண்டே, வழக்கமான அளவு தண்ணீரை வழக்கம்போலக் குடித்து முடித்தாள். முதுகு காய்ந்திருந்தது. அது எதற்கு அறிகுறி என்று அவளுக்கு உறைக்கவில்லை. தோல் கதவைச் சாத்திவிட்டால் தண்ணீர் அத்தனையும் மிச்சமிருக்கிற ஒரே கதவைத்தான் பார்த்து வரும்.

லூர்தம்மாள் விளக்கைப் போட்டாள். பாஞ்சாலி போய் நின்றாள். லூர்தம்மாள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு டெஸ்பாட்ச் திசையை நோக்கிப் புறப்பட்டாள். இரண்டு பலகை போவதற்குள் பாஞ்சாலிக்கு அடிவயிற்றில் ஒரு பாரம். நாலாவது பலகையில் அது அவசரமாகிவிட்டது. ஆறாவதில் அவள் ஒற்றைக் காலில் நின்று டேப் சுற்றினாள். லூர்தம்மாளைக் காணவில்லை. அந்த வயதில், அந்த முட்டிக்காலோடு, எப்போது வந்து சேர்வாளோ. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பாஞ்சாலி மஞ்சள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

விளக்கு எரிந்தது. லைன் முழுக்க எல்லோரும் பழக்கதோஷத்தில் பாஞ்சாலியைத் தேடினார்கள்.

ஹாலின் அந்தக் கோடியில் விருந்தாளிகளுக்கு லைனைக் காட்டிக்கொண்டிருந்த வசந்தகுமாரும் விளக்கைப் பார்த்தான். மைக்கை எடுத்தான். பாஞ்சாலி அக்கா பதினோராம் ஸ்டேஷனுக்கு வரவும் என்று ஹால் முழுக்கக் கேட்டது. பதினோராம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த பாஞ்சாலி கையைத் தூக்கி ஆட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தவன், அக்கா உற்சாகமாக இருக்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கட்டை விரலைக் காட்டினான். விளக்கு அணையவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் விளக்கைக் காட்டி ஏதோ கேட்க, அவன் இன்னும் அழகான தமிழில், பாஞ்சாலி அக்கா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பதினோராம் ஸ்டேஷனுக்கு வருமாறு கேட்டுக்கொண்டான். இதைவிட உடனடியாக எப்படி வருவது?

சிவப்புப் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை அழுத்தினால் தொப்பி மட்டுமல்ல, வேலையே போய்விடலாம். அழுத்தாவிட்டால் போகப்போவது மானம். பாஞ்சாலிக்குக் கண்ணில் நீர் முட்டியது, அது ஒன்றுதான் அதுவரை வெளியே வர அவள் அனுமதித்தது. பக்கத்தில் சுபஸ்ரீ. எவளிடம் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வைராக்கியமாக இருந்தாளோ, அவள்.

"சுபா," என்றாள். குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "என்னால முடியலடி."

சுபஸ்ரீ தொப்பியைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.

"போக்கா. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்."

கம்பெனிக்குள் ஓடக் கூடாது என்று சட்டம். மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், குறுக்கே பாயக் கூடாது, முனை வந்தால் நின்று திரும்ப வேண்டும். விருந்தாளிகள் பார்க்கிறார்கள். பாஞ்சாலி தொடைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, முனைக்கு முனை நின்று திரும்பி, ஒரு போலீஸ் அணிவகுப்பே தோற்றுப்போகும் கச்சிதத்தோடு நடந்தாள். டெஸ்பாட்ச் பக்கம் அவள் பார்க்கக்கூட இல்லை. பூட்டின டாய்லெட் முன்னால் போய் நின்றாள்.

"யம்மா, யாரையும் உள்ள விடப்படாதுன்னு சொல்லிருக்காவ," என்றார் சுடலை. "என் வேலைக்கு ஒல வச்சிராதீய."

பாஞ்சாலிக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால்கூட ஆபத்து என்கிற நிலை. சுடலை அவள் முகத்தைப் பார்த்தார், அவள் நிற்கிற நிலையைப் பார்த்தார். ஊரில் நாலு அக்கா தங்கைகளோடு பிறந்தவர் அவர். பூட்டைத் திறந்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதன் பிறகு பாஞ்சாலி அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. புது சோப்பைப் போட்டு ஆற அமரக் கை கழுவினாள். பூந்தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். புது டவலில் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தால், வாசலில் விருந்தாளிகள் மொத்தமும் நிற்கிறார்கள், பக்கத்தில் வசந்தகுமார் பேயறைந்த மாதிரி நிற்கிறான்.

அந்த டாய்லெட்டைக் காட்டத்தான் அவர்களைக் கூட்டி வந்திருந்தான். வந்தவர்களில் பெரியவர், காட்டுவதற்கென்றே பூட்டி வைத்த டாய்லெட்டுகளை நிறையப் பார்த்தவர் போல, இதைத் தொழிலாளர்கள் நிஜமாகவே உபயோகிக்கிறார்களா என்று அப்போதுதான் கேட்டிருந்தாராம். பாஞ்சாலி கையைத் துடைத்தபடி அவர்கள் எல்லோரையும் பார்த்தாள். மறைக்க இனிமேல் என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"நல்லா சுத்தமா கீது சார்," என்றாள். "நீங்களும் போணும்னா போங்கோ."

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவள் லைனுக்குத் திரும்பியபோது, பலகைகள் ஓடிக்கொண்டிருந்தன. சுபஸ்ரீ இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு கையாலும் பார்த்திருக்கிறாள். சுபஸ்ரீ தவறவிட்டதை அடுத்தவள் மாட்டியிருக்கிறாள், அவள் விட்டதை அதற்கடுத்தவள். லூர்தம்மாளும் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தாள். தான் இல்லாமல் லைன் நின்றுவிடவில்லை. பாஞ்சாலிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, கூடவே நெஞ்சில் சுருக்கென்று வலிக்கவும் செய்தது.

விருந்தாளிகள் மீட்டிங் அறைக்குப் போனதும் வசந்தகுமார் அவளைக் கூப்பிட்டான். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே போனாள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கல், தண்ணீர், தூணுக்குப் பின்னால் ஒளித்த பாட்டில் எல்லாம். ரிலீவர் ஸ்டேஷனை விட்டுப் போனது தப்பு என்று அவன் ஆரம்பித்தான். இருபத்தொன்பது வயதுப் பையன், அக்கா அக்கா என்று கூப்பிட்டாலும் இந்த மாதிரி நேரத்தில் கண்டிப்பாக இருப்பான். பேசும்போது நின்ற இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தான். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"அதனால, நாளையிலிருந்து..." என்றான். நிறுத்தினான். பல்லைக் கடித்தான்.

பாஞ்சாலி அவன் காலைப் பார்த்தாள். அவளுக்கா தெரியாது?

"சார், கார்த்தாலேந்து எத்தினி எளனி?"

வந்தவர்களுக்குக் கொடுத்தபோதெல்லாம் கூடவே நின்று குடித்திருக்கிறான், நடுவில் காப்பி வேறு. அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று காலையிலிருந்து போகவேயில்லை. லீடருக்கும் ரிலீவர் கிடையாது. வசந்தகுமார் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் மைக்கை அவள் கையில் திணித்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குள் முனைக்கு முனை நின்று திரும்பி நடந்தான். சுடலை இந்த முறை தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாஞ்சாலி லீடர் மேஜையில் தொப்பியை வைத்துவிட்டு, மைக்கோடு நின்றாள். அவன் முடிக்காமல் போன வாக்கியம் அவளுக்கு அடிவயிற்றில் கல்லைவிட மோசமாகக் கனத்தது. நாளையிலிருந்து என்ன? எந்த ஸ்டேஷன்?

திரும்பி வந்தவன் வேறு ஆளாக இருந்தான். முகத்தில் ஒரு சாந்தம், நடையில் ஒரு இளக்கம்.

"நாளையிலேர்ந்து இன்னா சார்?" என்று அவளே கேட்டாள்.

வசந்தகுமார் மேஜையில் இருந்த தொப்பியைப் பார்த்தான். எடுத்து, தூசி தட்டி, தன் தலையில் வைத்துக்கொண்டான். அது அவனுக்குச் சின்னதாக இருந்தது.

"நாளையிலிருந்து போகணும்னா தனியா அல்லாடாதீங்கக்கா. மஞ்சள் போடுங்க. நான் வந்து நிக்கிறேன்."

"நீங்க போவும்போது?"

"உங்களத்தான் கூப்டுவேன். வேற யார கூப்டுவேன்?"

அந்த நேரம் பார்த்துப் பதினொன்றில் மறுபடியும் மஞ்சள் எரிந்தது, வெறும் குளிருக்கே லூர்தம்மாளுக்கு அப்படித்தான். பாஞ்சாலி பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தாள். வசந்தகுமார் அவளைத் தடுத்து, நீங்கள் முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பச்சைத் தொப்பியோடு போனான். பாஞ்சாலி பாட்டிலைத் திறந்தாள். தூணுக்குப் பின்னால் போகவில்லை, ஹாலின் நடுவிலேயே நின்று, அத்தனை பேரும் பார்க்க, மெதுவாகக் குடித்தாள்.